நாலு மூலையிலும் பாட்டு

போன மாதம் என் மகன் வீட்டு ஹாலில் ஐந்து ஸ்பீக்கர்களையும், அவற்றுக்குத் தலைவர் மாதிரி தரையில் சம்மணம் போட்டு உட்காரும் ஒரு கனத்த பெட்டியையும் கொண்டுவந்து இறக்கினான். அட்டையைக் கிழித்ததும் தெர்மாகோலும் புது வார்னிஷும் கலந்து ஒரு வாசனை வந்தது. "அம்மா, நடுவுல உட்காருங்க. கண்ணை மூடிக்கோங்க" என்றான். உட்கார்ந்தேன். கண்ணை மூடவில்லை. அந்த அளவுக்கு எனக்கு நம்பிக்கை கிடையாது. ஏதோ ஒரு பழைய பாட்டைப் போட்டான். பாடுகிறவர் முன்னால் இருந்தார், சரி. தபேலா மட்டும் என் பிடரிக்குப் பக்கத்தில், யாரோ விரலால் தட்டிக் கூப்பிடுவது போலக் கேட்டது. சட்டென்று திரும்பிப் பார்த்தேன். மகனும் மருமகளும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் தன் முதுகுக்குப் பின்னால் தபேலா அடிக்கிறவன் யார் என்று எழுபது வயதுக்காரி ஒருத்தி திரும்பிப் பார்ப்பதில் என்ன தப்பு இருக்கிறது?

"இதெல்லாம் இப்ப வந்த டெக்னாலஜிம்மா, பழகிடும்" என்றான். இப்போது வந்ததாம்! அவன் பிறப்பதற்கு முன்பே, எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் நான் நாலு ஸ்பீக்கர்களுக்கு நடுவே உட்கார்ந்தவள். பாட்டு எதற்கு முதுகுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும் என்று அன்றைக்கு வந்த சந்தேகம்தான் இது. இன்னும் தீரவில்லை. அந்த வார்னிஷ் வாசனை பிலோமி அக்காவின் முன்னறையில் அடித்த அதே வாசனை. என்ன, அங்கே ஜன்னல் வழியாக வரும் கருவாட்டுக் காற்றும் அதில் கலந்திருக்கும்.

அப்போது நான் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்ட். சொந்த ஊர் நாசரேத். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியும், கீர்த்தனைப் புத்தகமும், உலகத்தில் எல்லாம் தெரியும் என்கிற நினைப்புமாக வந்து இறங்கினேன். கடற்கரையை ஒட்டிய ஒரு தெருவில் மாடி அறை கிடைத்தது. முதல் வாரம் முழுக்க அந்தத் தெருவில் எல்லோரும் எல்லோருடனும் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது சாதாரணப் பேச்சு. வயதான ஆண்களில் பாதிப் பேர் சங்கு குளித்தவர்கள். கடலின் ஆழம் அழுத்தி அழுத்திக் காது போனவர்கள். அவர்களுக்குக் கேட்க வேண்டுமென்றால் வீட்டில் உள்ளவர்கள் கத்தத்தான் வேண்டும். கத்திப் பழகிய தொண்டை, கேட்கிறவர்களிடமும் அப்படியே பேசும்.

கீழ்வீட்டில் பிலோமி அக்கா. அவளுடைய கணவர் ரெமிஜியுஸ், தெருவுக்கு ரெமி அண்ணன். அவருடைய அப்பாவும் சங்கு குளித்தவர்தான். மகன் கடலுக்கு அடியில் போகாமல் கடலுக்கு மேலே போனார். வெளிநாட்டுக் கப்பல் ஒன்றில் செகண்ட் இன்ஜினியர். கல்யாணமாகி மூன்று வருஷம் என்று பேர், சேர்ந்து இருந்த நாட்கள் கொஞ்சம். அவர் கடலில் இருக்கும்போது அக்காவுக்குத் துணையாக அவருடைய அக்கா செசிலி தினமும் அடுத்த தெருவிலிருந்து வந்துபோவாள். துணை என்று நான் சொல்வது மரியாதைக்கு. காவல் என்பதுதான் சரியான சொல்.

பிலோமி அக்காவிடம் சில தோரணைகள் உண்டு. கடைக்குப் போனால் எப்போதும் என் இடது கைப் பக்கமாகவே நடப்பாள். கோயிலில் பெஞ்சின் இடது ஓரத்தைத் தேடிப் போய் உட்காருவாள். யார் பேசினாலும் தலையை லேசாகச் சாய்த்து, பேசுகிறவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பெரிய நாகரிகம் என்று நினைத்து ஆபீசில் நானும் கொஞ்ச நாள் தலையைச் சாய்த்துப் பேசிப் பார்த்தேன். ஹெட் கிளார்க், "கழுத்துப் பிடிச்சிருக்காம்மா? தைலம் தேச்சியா?" என்று கேட்டதோடு நாகரிகத்தைக் கைவிட்டேன்.

அந்தத் தடவை ரெமி அண்ணன் லீவுக்கு வந்தபோது அவருக்குப் பின்னாலேயே ஒரு மாட்டுவண்டியில் ஜப்பான் செட் ஒன்று வந்தது. பம்பாயில் இறங்கி, ரயிலில் கூடவே வைத்துக் காவல் காத்துக் கொண்டுவந்திருந்தார். ரெக்கார்டு போடும் பெட்டி ஒன்று, விளக்குகள் மினுங்கும் ஆம்ப்ளிஃபையர் ஒன்று, அரிசிப் பானை உயரத்துக்கு ஸ்பீக்கர்கள் நாலு. எமர்ஜென்சி காலம் அது. கடற்கரைத் தெருவில் எந்தப் பெட்டி இறங்கினாலும் ஊர் அதைக் கண்ணாலேயே திறந்து பார்க்கும். "கஸ்டம்ஸ் தீர்வை கட்டியாச்சு, எல்லாத்துக்கும் தீர்வை கட்டியாச்சு" என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அவர் சொல்லிக்கொண்டே வண்டியிலிருந்து இறக்கினார். தெருமுனைக் கடைக்கார அண்ணாச்சி மட்டும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கட்டியிருப்பாரு. இல்லன்னு யாரு சொன்னா? ஆனா பாட்டு கேக்க எதுக்கு நாலு பெட்டி? மனுசனுக்கு ரெண்டு காதுதான இருக்கு?"

எனக்கும் அதே சந்தேகம்தான்.

முன்னறையின் நாலு மூலையிலும் நாலு ஸ்பீக்கர் ஏறின. அதற்காக மாதா படம் வைத்த மேசை ஒரு மூலையிலிருந்து நகர்ந்தது. செசிலி அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜப்பான் கரண்டும் நம் கரண்டும் ஒன்றில்லையாம், அதற்கு இடையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அது பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே வண்டு மாதிரி ரீங்காரம் போடும். ஆம்ப்ளிஃபையரின் முகத்தில் கார் கியர் போல ஒரு சின்னக் குச்சி இருந்தது. அதை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ பாட்டு அந்த மூலைக்குப் போகும். அறையின் நட்டநடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதன் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். "கோட்ட விட்டு நவுந்தா எஃபெக்ட் போயிரும்" என்றார். மற்றவர்கள் எல்லாம் சுவரோரமாக நிற்கலாம், அல்லது குசினிக்குள் போகலாம். அவர்கள் பக்கம் சமையலறையைக் குசினி என்றுதான் சொல்வார்கள்.

நாற்காலியில் என்னையும் உட்கார வைத்தார். வெளிநாட்டு வாத்தியக் குழு ஒன்று வாசித்தது. முன்னால் வயலின்கள், பின்னால் ஊதுகிற வாத்தியங்கள். குளத்துக்குள் இறங்கி நிற்பது போல ஒரு கிறுகிறுப்பு வந்தது உண்மை. அடுத்து நம் பாட்டு ஒன்றைப் போட்டார். அது நாலு வழியில் எடுத்த ரெக்கார்டு இல்லை. செட் தானாகவே அதை நாலாகப் பிரித்துப் போட்டது. பாவம், பாடுகிறவர் ஒருவர்தான். அவரைக் கூறு போட்டு நாலு மூலையில் வைத்தது போல, யாரோ குளியலறைக்குள் நின்று பாடுவது போல இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார்.

நான் நாசரேத் கோயில் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களில் தணிந்த குரல், பாடியவள். பாட்டு விஷயத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? "பாடுறவங்க நமக்கு முன்னாலதான நிப்பாங்க அண்ணே? பின்னால எந்தக் கச்சேரியில வாசிக்கான்?" என்றேன்.

"நீ கொயர்ல நின்னு பாடும்போது ஒனக்குப் பின்னால ஆம்பிளையள் பாட மாட்டாவளா? பக்கத்துல ஆர்கன் கேக்காதா?"

"கேக்கும். ஆனா அப்ப நான் பாடிக்கிட்டுல்லா இருப்பேன். கேக்குறதுக்கு நேரம் ஏது?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எஞ்சின் ரூமுக்குள்ள நாலு பக்கமும் இரைச்சல், தங்கச்சி. முன்னாலயும் பின்னாலயும் அதுதான். வீட்டுல நாலு பக்கமும் பாட்டு கேக்கணும்னு எனக்கு ஒரு ஆச." அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உறவுக்காரர்கள் சிலர் வந்தார்கள். தட்டு நிறைய மக்ரூன் இருந்தது. செட்டோடு வந்த ரெக்கார்டு ஒன்றில் பாட்டே கிடையாது, வெறும் சத்தங்கள். மணி அடிக்கும், குதிரை ஓடும், ரயில் ஒன்று அறையைச் சுற்றி வரும். அதை வைத்து ரெமி அண்ணன் ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருந்தார். நாற்காலியில் உட்காருகிறவரின் கண்ணைக் கைக்குட்டையால் கட்ட வேண்டும். சத்தம் எந்த மூலையில் என்று அவர் விரலால் காட்ட வேண்டும். எல்லோரும் சரியாகக் காட்டினார்கள். ரயில் சுற்றும்போது செசிலி அக்காவின் விரலும் கூடவே சுற்றியதைப் பார்த்து நாங்கள் கைதட்டினோம். அவளே சிரித்ததை அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

"எங்கள எல்லாம் உக்கார வச்சாச்சு. வீட்டுக்காரி மட்டும் குசினிய விட்டு வர மாட்டேங்கா" என்றாள் செசிலி அக்கா. "ஏளா பிலோமி, இங்கன வா."

"மீன் அடுப்புல கெடக்கு மைனி."

"அது எங்கயும் நீந்திப் போயிராது. வா."

கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தாள். கைக்குட்டையை இறுக்கிக் கட்டியதும் அவள்தான். மணி இடது மூலையில் அடித்தது. பிலோமி அக்கா வலது பக்கம் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். ரயில் புறப்பட்டு நாலு மூலையும் சுற்றியது. அக்காவின் விரல் வலது பக்கத்தை விட்டு அசையவில்லை. "இவ ரயிலு ஸ்டேஷன்லயே நிக்கு" என்றார் யாரோ. இன்னும் சிரிப்பு.

"வெளயாடாத பிலோமி. நல்லாக் கேளு" என்றார் ரெமி அண்ணன். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"கேக்கத்தான செய்யுது."

மறுபடியும் மணி, மறுபடியும் தப்பு. இன்ஜினியர் அல்லவா, முதலில் இயந்திரத்தைத்தான் சந்தேகப்பட்டார். "வயர் மாறிட்டு போல" என்று முழங்கால் போட்டு உட்கார்ந்து ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் இடது வலது வயர்களை மாற்றிப் பூட்டினார். அதுவரைக்கும் பிலோமி அக்கா கட்டிய கண்ணோடு, கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். உதடு இறுகியிருந்தது. அவள் விளையாடவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. ஆனால் என்ன நடக்கிறது என்று புரியவில்லை.

மணி இப்போது வலது பக்கம் அடித்தது. அவள் வலது பக்கம் காட்டினாள். "இப்ப சரியாயிட்டு!" என்று எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை. அந்தச் சின்னக் குச்சியை ஒவ்வொரு மூலையாகச் சாய்த்தார். எங்கே சாய்த்தாலும் அவள் விரல் வலது பக்கமே போயிற்று. அவர் ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, சத்தம் போடாமல் நடந்துபோய் அவளுடைய இடது பக்கம் குனிந்தார். "பிலோமி" என்று கிசுகிசுத்தார். அவள் திரும்பவில்லை. இன்னும் கிட்டப் போய், "பிலோமி" என்றார்.

அவள் அறையின் அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தவள் போல, "என்ன, ரெக்கார்டு முடிஞ்சிட்டா?" என்று கேட்டாள்.

அந்த டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் ரீங்காரம் போட்டது. பிறகு செசிலி அக்கா வாயைத் திறந்தாள். "காது கேக்காத பிள்ளைய நம்ம தலையில கட்டி வச்சிட்டாவளே! ஏமாத்திட்டாவளே!" வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். மக்ரூன் தட்டு அப்படியே இருந்தது.

நான் குசினிக்குள் போனபோது அக்கா கருகிப்போன மீன் சட்டியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து, வீக்கம் வற்றியபோது இடது காது அவிந்து போயிருந்ததாம். "யார்ட்டயும் சொல்லாத, கட்டிக் குடுக்க முடியாதுன்னு எங்க அம்ம சொல்லிட்டா. வலப்பக்கத்துக் காது பாம்புக் காது தங்கச்சி. அது போதும்னு இருந்தேன். கோயில்ல தாலி கட்டும்போதும் அவிய என் வலப்பக்கம்தான நின்னாவ? ஒண்ணும் விடாமக் கேட்டேன்." அழவில்லை. சட்டியைச் சுரண்டும் சத்தம்தான் அழுகை மாதிரி இருந்தது.

அப்போது ரெமி அண்ணன் வாசற்படியில் வந்து நின்றார். கோபத்தில் கத்தப் போகிறார் என்று நான் ஒதுங்கினேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ பெரிய பாரம் இறங்கியவர் போல இருந்தார்.

"போன லீவுக்கு வந்தப்ப ஸ்டேஷன்ல ஒனக்குப் பின்னால நின்னு கூப்பிட்டேன். நீ திரும்பல. பக்கத்துல படுத்துக்கிட்டு என்னவெல்லாமோ பேசுவேன், ஒரு வார்த்த சொல்ல மாட்ட. இவளுக்கு நம்மளப் பிடிக்கல, வேற யாரையோ மனசுல வச்சிருக்கா, வீட்டுல கட்டாயப்படுத்திக் கட்டி வச்சிட்டாவன்னு மூணு வருசமா நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன் பிலோமி. கப்பல்ல சோறு எறங்காது. காதுதானா? வெறும் காதுதானா?" என்று சிரித்தேவிட்டார்.

பிலோமி அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு அவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது.

"மூணு வருசமா என்னச் சந்தேகப்பட்டுக்கிட்டா எங்கூட இருந்தீய? அக்காவத் தெனமும் அனுப்பி வச்சதும் அதுக்குத்தானா?"

அவர் சிரிப்பு நின்றது.

"நான் ஒரு காத மறைச்சேன். நீங்க சிரிச்ச மொகத்துக்குப் பின்னால ஒரு சந்தேகத்த மறைச்சீய. எது பெருசு, சொல்லுங்க."

மறுநாள் காலை அவள் மணப்பாட்டுக்கு, அம்மா வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை பையைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். வழியெல்லாம் என் இடது கைப் பக்கமாகவே நடந்தாள். இப்போது அது தோரணையாகத் தெரியவில்லை. பஸ் கிளம்பும்போது "மேல மொட்டமாடியில துணி காயுது, எடுத்து வச்சிரு" என்று மட்டும் சொன்னாள்.

ரெமி அண்ணன் அந்த வாரம் முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். செட்டைப் போடவில்லை. செசிலி அக்கா வந்து வேறு பெண், வக்கீல், கோயில் சாமியார் என்று என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தாள். ஒருநாள் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது அவர் நிறுத்திக் கேட்டார்: "நீ படிச்ச பிள்ள. அவ கேட்டது நியாயமா?"

"நியாயந்தான் அண்ணே."

"நானும் அப்படித்தான் நெனைக்கேன்" என்றார். அன்றைக்கே செசிலி அக்காவிடம் இனி இந்த வீட்டுக்குத் தினமும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் அழுத அழுகை தெருவுக்கே கேட்டது.

முதல் தடவை மணப்பாட்டுக்குப் போய்த் தனியாகத் திரும்பி வந்தார். அவருடைய மாமியார் வாசலிலேயே மறித்து, "ஒங்க அப்பாவுக்கு ரெண்டு காதும் போச்சே. ஒங்க அம்ம என்ன, சந்தேகப்பட்டா குடும்பம் நடத்தினா? வாயால கத்தித்தான நடத்தினா?" என்று கேட்டிருக்கிறார். இரண்டாம் தடவை போனபோது பிலோமி அக்கா கூட வந்தாள். என்ன சொல்லிச் சமாதானம் ஆயிற்று என்று நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா? "மனசுல வச்சுக்கிடாம வாயத் தொறந்து கேளுங்க, வலப்பக்கமா வந்து கேளுங்கன்னு சொன்னேன். சரின்னுட்டாவ" என்றாள். அவ்வளவு லேசில் முடிந்திருக்காது. அவள் கண் வீங்கியிருந்தது. ஆனால் சொன்னது அவ்வளவுதான்.

கப்பலுக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் ரெமி அண்ணன் ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் மூலையிலிருந்து பெயர்த்துக் குசினிக்குள் கொண்டுபோய், அடுப்புக்கு வலது பக்கம் பலகை அடித்து வைத்தார். நாலு வழிப் பாட்டையும் ஒரே வழியாக்க வயரை வெட்டி ஒட்ட வேண்டும் என்று நினைத்து ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தவர், அதற்கு அந்தச் செட்டிலேயே ஒரு பொத்தான் இருப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பொத்தானை அமுக்கினால் பாடுகிறவர் பழையபடி ஒரே ஆளாகிவிடுவார். அதற்குப் பிறகு அவர் கடலில் இருந்த மாதங்களில் எல்லாம் நான் ஆபீஸ் விட்டு வரும்போது குசினியிலிருந்து பாட்டு கேட்கும். கூடவே பிலோமி அக்காவும் பாடுவாள். சுருதி பிசகித்தான் பாடுவாள். ஆல்டோக்காரியான நான் மாடிப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன். லீவுக்கு வரும்போது, அவள் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து ரெமி அண்ணன் அந்த ஸ்பீக்கரை மறுபடி மூலைக்குத் தூக்கி வந்து, நாலையும் பூட்டி, நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். ஆசை அவ்வளவு சீக்கிரம் விடுமா?

சினிமாவில் குண்டு பின்னாலிருந்து வெடிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பாட்டுக்கு இது தேவையா என்று என் மகன் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன்: நடுவில் ஒருத்தர் உட்கார்ந்து கேட்க இது அற்புதம். ஆனால் வீட்டில் பாட்டு கேட்பது அப்படியா நடக்கிறது? ஒருத்தி வெங்காயம் நறுக்குவாள், ஒருத்தர் சட்டைக்குப் பொத்தான் தைப்பார், குழந்தை குறுக்கே ஓடும். யாருக்கும் சரியான இடம் என்று ஒன்று இருக்காது. அந்த ஜப்பான் செட்டுக்கு ஏற்ற நாலு வழி ரெக்கார்டுகள் சில வருஷத்திலேயே உலகத்தில் எங்கும் வராமல் போயின. இதுவும் போகும். அல்லது போகாது. நான் சொல்லி எது நின்றது?

எனக்குக் கல்யாணமாகி ஊரை விட்டு வந்த பிறகு, கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. எஞ்சின் இரைச்சல் கடைசியில் ரெமி அண்ணனின் காதுகளையும் எடுத்துக்கொண்டது என்றும், அவருக்காக அவள் தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தாள் என்றும் யாரோ சொன்னார்கள். முதலில் அவர் போனார். அவளும் மகள் வீட்டுக்குப் போய் அங்கேயே கண்ணை மூடினாள்.

சென்ற வருஷம் ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போனேன். கால் தானாக அந்தத் தெருவுக்குப் போயிற்று. சங்கு குளித்தவர்கள் இல்லை, கத்திப் பேசுகிறவர்களும் இல்லை. தெரு ஆஸ்பத்திரி மாதிரி அமைதியாக இருந்தது. கடைக்கார அண்ணாச்சியின் கடை இருந்த இடத்தில் ஏடிஎம். எங்கள் வீட்டை இடித்து மூன்று மாடி கட்டியிருந்தார்கள். ஜன்னல்கள் எல்லாம் ஏசிக்காக மூடிக்கிடந்தன. உயரமான கேட்டுக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு மேலிருந்த கேமரா என் பக்கம் திரும்பியது. அதற்கும் சந்தேகம் போல. பக்கத்துச் சுவரில் பதித்திருந்த ஒரு சின்னப் பெட்டியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"யார் வேணும்?"

சொல்ல எனக்கு இரண்டு பெயர் இருந்தது. "யாரும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.